பெரிய ரோட்டுக்கு மின்சார பஸ் வந்தாச்சு, நம்ம தெருவுக்கு எப்போ?

(மயிலாப்பூரில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதும் வெளியிடுகிறோம்.)

வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டிருக்கிற ஆட்டோக்கார அண்ணன்மார்களே, உங்களைப் பத்தியும் பேசப் போறேன், அதனால பாதியில சவாரிக்குப் போயிடாதீங்க.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சார பஸ்களை அன்றைய முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அடுத்து ஆகஸ்ட் மாசம் பெரும்பாக்கம் பணிமனையில் இருந்து ஏசி மின்சார பஸ்கள் கிளம்பின. தாழ்தள வண்டிகள். புகை இல்லை, காதைப் பிளக்கிற சத்தம் இல்லை. நல்லா இருக்கு. தொடங்கி வைத்தது வேறு கட்சி என்பதற்காக நல்ல பஸ்ஸை மோசமான பஸ்ஸுன்னு சொல்ற பழக்கம் நமக்கு வேண்டாம்.

சொல்லப்போனால் மின்சார வண்டி இந்த ஊருக்குப் புதுசே இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலில் மின்சார டிராம் ஓடினது நம்ம மெட்ராஸில், 1895-இல். மயிலாப்பூருக்கும் டிராம் வந்தது. இங்கே நிற்கிற பெரியவர்கள் சிலருக்கு அவங்க அப்பா அம்மா சொல்லிக் கேட்ட ஞாபகம் இருக்கும். 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்துப் போய் டிராம் நின்றது. அதுக்கப்புறம் 2019 ஆகஸ்டில், எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது, சென்ட்ரலுக்கும் திருவான்மியூருக்கும் நடுவே ஏ1 வழித்தடத்தில் ஒரே ஒரு மின்சார பஸ்ஸைச் சோதனைக்கு விட்டார்கள். பேட்டரியைக் கழற்றி வேறு பேட்டரி மாட்டுகிற ஏற்பாடு. அந்தச் சோதனைக்கும் பெரிய எண்ணிக்கையில் வண்டி வந்ததுக்கும் நடுவில ஆறு வருஷம் போச்சு.

ஆக வண்டி வந்துவிட்டது. எங்கே ஓடுகிறது? பெரிய ரோட்டில். 12 மீட்டர் நீள வண்டி வேறு எங்கே ஓடும்? தெற்கு மாட வீதியில் அதைத் திருப்ப முடியுமா? காய்கறிக் கடைக்குள்ளதான் போய் நிற்கும்.

என் கேள்வி பஸ் ஸ்டாப்புக்கு வந்ததுக்கு அப்புறம் நடப்பது பற்றியது இல்லை. வீட்டு வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், ரயில் ஸ்டேஷன் வரைக்கும் இருக்கிற அந்த ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் இருக்கே, அதைப் பற்றியது. அதை யார் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அரசாங்கத்துக்கு அது 'நடக்கிற தூரம்'. எழுபது வயசு அம்மாவுக்கு அது 60 ரூபாய் ஆட்டோ, இல்லைன்னா வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. கூவம் ஓரத்தில் இருந்தும் அடையாற்றங்கரையில் இருந்தும் மக்களைக் கிளப்பி கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வீடு மாறிப்போச்சு, வேலை மாறவில்லை. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற, சமைக்கிற, வயசானவங்களைப் பார்த்துக்கிற பெண்களில் எத்தனையோ பேர் இன்றைக்கும் அங்கே இருந்துதான் வருகிறார்கள். 2021 மே மாசத்தில் இருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம், மறுக்கவே முடியாது. ஆனா அடையாறில் இறங்கி, வேலை செய்கிற தெருவுக்குப் போக ஷேர் ஆட்டோ பிடித்தால்? ஒரு நடைக்கு 20 ரூபாய்னு வைங்க. போக வர 40. மாசம் 26 நாள் வேலை. 1,040 ரூபாய். பெரும்பாக்கத்தில் இருந்து அடையாறு வரைக்கும் இலவசம், கடைசி ஒரு மைலுக்கு ஆயிரம் ரூபாய்! அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவங்க வெயில்ல நடக்கிறாங்க. நடந்து வந்து, நாலு வீட்டில் நின்னுக்கிட்டே வேலை பார்த்துட்டு, மறுபடி நடக்கிறாங்க.

இன்னொன்னு. அடையாறில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. தமிழ்நாட்டின் எந்த மூலையில் இருந்தும் ஆள் வருகிற இடம். எழும்பூரிலோ சென்ட்ரலிலோ இறங்குகிறார்கள். கையில் பழைய ரிப்போர்ட் கட்டு, ஒரு துணிப்பை, கூட ஒரே ஒரு ஆள். காந்தி நகரில் இருக்கிற பழைய கட்டடத்துக்குக் கிட்டேயே பறக்கும் ரயிலின் கஸ்தூர்பா நகர் ஸ்டேஷன் இருக்கு. எத்தனை நோயாளிக்கு அது தெரியும்? தெரிந்து வந்து இறங்கினாலும், ஊசி போட்டுக்கிட்டு வாந்தி வர்ற உடம்போட ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்கச் சொல்ல முடியுமா? தங்கியிருக்கிற வாடகை அறையும் பக்கத்துத் தெருவாக இருக்காது. கேன்சர் வார்டு வாசலில் நின்னு ஆட்டோ பேரம் பேசுற குடும்பத்தைப் பார்த்தவங்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

பறக்கும் ரயில் கதையையே எடுத்துக்கோங்க. 1995-இல் கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997-இல் திருமயிலை வரை வந்தது. 2007-இல் வேளச்சேரி. எவ்வளவு பெரிய ஸ்டேஷன்கள்! திருமயிலை ஸ்டேஷனுக்குள் ஒரு மாநாடே நடத்தலாம். ஆனால் கட்டினவர்கள் மேலே ரயில் எப்படி வரும்னு யோசித்த அளவுக்கு, கீழே மனுஷன் எப்படி வருவான்னு யோசிக்கவில்லை. பஸ் ஒரு பக்கம் நிற்கும், ஸ்டேஷன் ஒரு பக்கம் இருக்கும். படி ஏறணும். ராத்திரி ஆனா அந்தப் பெரிய காலி மண்டபத்தில் பெண்கள் தனியாக நடக்கப் பயப்படுவார்கள். அதனால் அத்தனை கோடி போட்டுக் கட்டின ஸ்டேஷன்கள் பல வருஷம் பாதி காலியாகவே கிடந்தன. தப்பு ரயில் மேல இல்லை. ரயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வண்டி இல்லாததுதான் பெரிய குறை.

இப்போ மெட்ரோ இரண்டாம் கட்டம். மூன்று வழித்தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நம்ம பகுதிக்கு மட்டும் எத்தனை ஸ்டேஷன்! திருமயிலை, கச்சேரி சாலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு சந்திப்பு, இந்திரா நகர், திருவான்மியூர், அந்தப் பக்கம் நந்தனம், பனகல் பூங்கா. திருமயிலையில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கின்றன. தரைக்குக் கீழே சுமார் 35 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுகிறார்கள். லஸ் கார்னரில் பல வருஷமா நாம் படுகிற அவஸ்தை எல்லாம் அதுக்குத்தான். படுவோம், பரவாயில்லை. ஆனால் இவ்வளவும் பட்டுவிட்டு, ஸ்டேஷன் திறக்கிற நாளில் பட்டினப்பாக்கத்தில் இருந்து ஒரு மீனவப் பெண் கூடையோடு அங்கே எப்படி வருவாள் என்று கேட்டால் அதிகாரியிடம் பதில் இல்லைன்னா, அது பறக்கும் ரயில் கதையின் இரண்டாம் பாகம்.

இதுக்கு நாம் முன்வைப்பது ரொம்பச் சின்ன விஷயம். சின்ன மின்சார பஸ். 7 மீட்டரோ 9 மீட்டரோ நீளம், தாழ்தளம், எம்.டி.சி. பெயரில், சாதாரணக் கட்டணத்தில், பெண்களுக்கு இலவசமாக, ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற வண்டி.

மினி பஸ் இங்கே முன்னாடி வரலையான்னு கேட்பீங்க. வந்தது. 2013 அக்டோபரில் ஜெயலலிதா 50 சிற்றுந்துகளைத் தொடங்கி வைத்தார், பிறகு எண்ணிக்கை கூடியது. 'எஸ்' என்று தொடங்கும் நம்பர் போட்ட வண்டிகள். பெரிய பஸ் போகாத தெருவுக்குள் போய் மெயின் ரோட்டுக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் ஆளைக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. அருமையான யோசனை, இப்பவும் சொல்றேன். ஆனா நம்ம ஊர் அரசியல் அதில் எதைப் பார்த்தது? வண்டி மேல வரைஞ்சிருக்கிற இலை இரட்டை இலையா, வெறும் இலையான்னு ஐகோர்ட் வரைக்கும் போய்ச் சண்டை. இலைக்குக் காட்டின அக்கறையில் கால்வாசி வழித்தடத்துக்குக் காட்டியிருந்தா இன்னிக்கு நான் இந்த மேடையில் பேச வேண்டிய அவசியம் இருந்திருக்காது. டீசல் வண்டிகள் பழசாச்சு, ரிப்பேர் ஆச்சு, பல வழித்தடங்கள் சத்தமில்லாமல் நின்றன. பிறகு வந்த புதிய மினி பஸ் திட்டமும் மாநகரின் விளிம்புகளைத்தான் பார்த்தது. நடு நகரத்தில் பஸ் நிறைய இருக்குன்னு ஒரு நினைப்பு. இருக்கு, பெரிய ரோட்டில்.

சின்ன வட்டத்துக்கு மின்சாரம் ஏன் பொருந்தும்னு சொல்லிடறேன், ஏன்னா 'பேட்டரி வண்டி நடுவழியில நின்னுடும்'னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. திருமயிலை ஸ்டேஷனில் கிளம்பி, லஸ், கச்சேரி சாலை, சாந்தோம், நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், மந்தைவெளி வழியாகத் திரும்பவும் திருமயிலைக்கு வந்தால் ஒரு சுற்று ஆறு கிலோமீட்டர்னு வைங்க. ஒரு நாளைக்கு இருபது சுற்று போனால் 120 கிலோமீட்டர். இன்றைக்குக் கிடைக்கிற பேட்டரிக்கு இது பெரிய தூரமே இல்லை. எந்த நேரத்திலும் வண்டி சார்ஜ் போடுகிற இடத்தில் இருந்து மூணு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்காது. மத்தியானம் கூட்டம் குறைகிற நேரத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், மிச்சத்தை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

டீசல் வண்டி நின்று நின்று போனால் எண்ணெயைக் குடிக்கும். கச்சேரி சாலையில் சிக்னலுக்கு நிற்கும்போதும் குடித்துக்கொண்டே நிற்கும். மின்சார வண்டி நின்றால் மோட்டாரும் நிற்கும். பிரேக் போடும்போது மோட்டார் திருப்பி வேலை செய்து கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்கே அனுப்பும். நூறு அடிக்கு ஒரு தடவை பிரேக் போடுகிற நம்ம ரோட்டுக்காகவே செய்த மாதிரி வண்டி! 12 மீட்டர் பெரிய பஸ்ஸுக்கே ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு யூனிட்டும் கொஞ்சமும்தான் ஆகும். சின்ன வண்டிக்கு அதைவிடக் குறைவு. டீசலில் பெரிய பஸ் ஒரு லிட்டருக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் போகும். லிட்டர் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும், பெருக்கிப் பாருங்க.

மாட வீதிக்காரங்க இன்னொன்னும் யோசிங்க. குறுகலான தெரு. இரண்டு பக்கமும் வீடு. ஜன்னலுக்கு நேரே டீசல் புகை விடாத வண்டி, குழந்தை தூங்கும்போது உறுமாத வண்டி. மின்சாரம் என்பதால்தான் அந்தத் தெருவாசிகளிடம் போய் 'உங்க தெரு வழியா பஸ் விடறோம்'னு கேட்கவே முடியும். அறுபத்துமூவர் அன்றைக்கு வண்டி வராது, அது சரி. மீதி நாள் வரட்டுமே.

தி.நகருக்கு வாங்க. 2023 மே மாசம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ரங்கநாதன் தெருவில் இடிபடாமல் போக முடிகிறது, நல்ல வேலை. அதுக்கு முன்னாடி 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்கள், அதுவும் நல்ல வேலை. ஆனால் இரண்டுமே நடக்க முடிந்தவர்களுக்கான வேலை. மூட்டு வலியோடு பனகல் பூங்காவுக்குப் போகணும், வெங்கட்நாராயணா சாலை வழியாக நந்தனம் மெட்ரோவுக்குப் போகணும் என்கிற அம்மாவுக்கு என்ன இருக்கு? தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகருக்குக் காரில் போய்ச் சிக்கினவங்க இங்கே பல பேர் இருப்பீங்க. அந்தக் காரை எடுக்காமல் வரச் சொல்லணும்னா, மெட்ரோவில் இறங்கினதும் பத்து நிமிஷத்துக்குள்ள கடை வாசலுக்கு ஒரு வண்டி வேணும். மேற்கு மாம்பலத்தில் இருந்து தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை. கனமழை பெய்தால் அங்கே என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

மழைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. தாழ்தள பஸ்ஸே இந்த ஊருக்கு வேண்டாம்னு பல வருஷம் சொன்ன காரணத்தில் அதுவும் ஒன்று. ரோடு சரியில்லை, தண்ணி நிற்கும், அதனால் உயரமான பஸ்தான் ஓடும்னு சொன்னாங்க. பழைய பஸ்ஸில் தளம் தரையில் இருந்து கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளத்தில் 400. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த 500 மில்லிமீட்டர்தான் வேலைக்குப் போவதா, வீட்டில் கிடப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. மாற்றுத் திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக் கணக்காகப் போராடித்தான் அந்தப் படியை இறக்கினார்கள். தாழ்தள மின்சார பஸ்ஸில் நாம் லேசாகக் கால் வைத்து ஏறுவதற்குப் பின்னாடி அவர்களுடைய உழைப்பு இருக்கு. எந்தக் கட்சியும், நம்ம கட்சி உட்பட, அதைத் தன் கணக்கில் எழுதிக்க முடியாது.

அதனால் சின்ன பஸ் என்றாலும் தாழ்தளம், சாய்தளப் பலகை இரண்டும் கட்டாயம் இருக்கணும். சின்ன வண்டிதானே, இரண்டு படி வைத்துக்கொள்ளலாம்னு டெண்டரில் எழுதிவிடுவார்கள், விழிப்பா இருக்கணும். பலகையைப் போட வண்டி நடைபாதையை ஒட்டி நிற்கணும். அங்கே வரிசையாக டூவீலர் நிற்குது. தோழர்களே, அதில் பாதி நம்ம வண்டி! அரசாங்கத்தைக் கேட்கிற அதே வாயால் நம்ம பிள்ளைகளிடமும் சொல்லணும், பஸ் ஸ்டாப்பில் பைக் நிறுத்தாதேன்னு.

இப்போ ஆட்டோக்கார அண்ணன்களிடம் வருகிறேன். மினி பஸ் வந்தால் எங்க பொழப்பு என்னாகும்னு நீங்க கேட்பது நியாயம். 2013-இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். எரிபொருள் எங்கேயோ போய்விட்டது, அந்த அட்டவணை அங்கேயே நின்றுவிட்டது. மீட்டர் போடலைன்னு ஜனங்க உங்களைத் திட்டுறாங்க. ஆப் கம்பெனிக்காரன் ஏசி அறையில் உட்கார்ந்து உங்க உழைப்பில் பங்கு எடுக்கிறான். 2018 அக்டோபரில் மத்திய அரசு பேட்டரி வாகனத்துக்கு பர்மிட் தேவையில்லைன்னு அறிவித்தது. அதனால் மின்சார ஆட்டோ வாங்க பர்மிட்டுக்கு அலைய வேண்டாம், சரி. ஆனால் வாங்க கடன் யார் தர்றது? சார்ஜ் எங்கே போடுறது? ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தி, மாடியில் இருந்து ஒயர் இழுத்தா வீட்டுக்காரர் விடுவாரா?

கொச்சியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஆட்டோ ஓட்டுநர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, மெட்ரோ நிலையங்களுக்கு இணைப்பாக மின்சார ஆட்டோ ஓட்டினார்கள். 2025 ஜனவரியில் கொச்சி மெட்ரோவே சின்ன மின்சார பஸ்களையும் இணைப்புச் சேவைக்கு இறக்கியது. ஆட்டோவும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. டெல்லியில் 2025 மே மாசம் 9 மீட்டர் மின்சார பஸ் 400-ஐ ஒரே நாளில் தொடங்கி வைத்தார்கள், குறுகிய தூர வழித்தடங்களுக்காகவே. பெங்களூரில் 2021-லேயே மெட்ரோவுக்கு இணைப்பாக 9 மீட்டர் மின்சார பஸ் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணூரில் பஸ் செய்கிற, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்து நாடு முழுக்க அனுப்புகிற தமிழ்நாட்டின் தலைநகரில், மந்தைவெளி பாட்டிக்கு மட்டும் வண்டி இல்லையா?

நாங்கள் கேட்பது, குறிப்பிட்ட நேரத்துக்கு, குறிப்பிட்ட வழியில் போகிற மக்களுக்கு பஸ். பஸ் போக முடியாத சந்துக்கும், ராத்திரி பதினோரு மணிக்கும், மூட்டை முடிச்சோடு வர்றவங்களுக்கும் ஆட்டோ. ஒவ்வொரு மெட்ரோ, பறக்கும் ரயில் நிலையத்திலும் மின்சார ஆட்டோவுக்குச் சார்ஜ் வசதியோடு ஸ்டாண்டு, அதை நடத்த ஓட்டுநர் சங்கத்துக்கே உரிமை. சின்ன பஸ் ஓட்ட ஆள் எடுக்கும்போது இந்தப் பகுதி ஆட்டோ, ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு முன்னுரிமை. இதை எழுத்தில் கேட்கிறோம்.

பஸ் ஓட்டுகிற தொழிலாளி விஷயத்தையும் மறைக்காமல் பேசணும். இப்போ ஓடுகிற மின்சார பஸ்கள் எம்.டி.சி.க்குச் சொந்தமில்லை. ஒப்பந்த நிறுவனம் வண்டியை வாங்கி, டிரைவரை வைத்து ஓட்டும், பராமரிக்கும். கண்டக்டர் எம்.டி.சி. ஆள், டிக்கெட் பணம் எம்.டி.சி.க்கு. ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு நிறுவனத்துக்கு அரசு கொடுக்கும். தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயம் என்கின்றன. அந்தக் கவலை நமக்கும் உண்டு. டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு நிரந்தர வேலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லைன்னா, அவர் ஓட்டுகிற வண்டியில் புகை இல்லைன்னு மட்டும் சொல்லி நாம் சந்தோஷப்பட முடியாது. சின்ன பஸ்ஸையாவது எம்.டி.சி. நேரடியாக வாங்கி, தன் ஆட்களை வைத்து ஓட்டட்டும். அடையாறு, தி.நகர், மந்தைவெளின்னு பணிமனை நம்ம கையிலேயே இருக்கே.

ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கு, அதைக் கவனிக்கணும். கிலோமீட்டருக்குத்தான் பணம் என்பதால், வண்டி எந்தத் தெருவில் ஓடினாலும் நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒன்றுதான். கூட்டம் இருக்கிற வழியில்தான் ஓட்டுவேன்னு அவன் சொல்ல முடியாது. வழித்தடத்தைத் தீர்மானிப்பது அரசு. அதனால் 'தனியார்காரர் ஒத்துக்கலை'ன்னு யாராவது அதிகாரி சொன்னா நம்பாதீங்க. நொச்சிக்குப்பத்துக்கு பஸ் வரலைன்னா, அனுப்ப வேண்டாம்னு முடிவு பண்ணினது அரசு.

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாத்துக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட். நல்ல ஏற்பாடு. நான் அதில் என் வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன். 'நடக்கவும்'னு அழகாப் புள்ளி புள்ளியாக் காட்டுச்சு. புள்ளி போடுவது சுலபம். அந்தப் புள்ளிக்கு மேல பள்ளம் இருக்கு, தோண்டிப் போட்ட மண் இருக்கு, கேபிள் இருக்கு.

மூணு வட்டத்தை முதலில் கேட்கிறோம். மயிலாப்பூர் வட்டம் மேலே சொன்னது. தி.நகரில் மாம்பலம் ஸ்டேஷன், பனகல் பூங்கா, பாண்டி பஜார், நந்தனம் மெட்ரோ. அடையாறில் கஸ்தூர்பா நகர் ஸ்டேஷன், புற்றுநோய் மருத்துவமனை, காந்தி நகர், எல்.பி. சாலை, சாஸ்திரி நகர், பெசன்ட் நகர், ஊரூர் ஓல்காட் குப்பம். பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. அரை மணிக்கு ஒன்றுன்னா யாரும் காத்திருக்க மாட்டாங்க, அப்புறம் 'ஜனங்க ஏறல'ன்னு சொல்லி நிறுத்திடுவாங்க. சிற்றுந்துக்கு நடந்தது அதுதான். காலை 5 மணிக்கே முதல் வண்டி கிளம்பணும், ஏன்னா வீட்டு வேலைக்கு வர்ற பெண்களும் மீன் எடுக்கப் போறவங்களும் ஆபீஸ் நேரத்துக்கு வர்றவங்க இல்லை. ஏசி வேண்டாம். ஏசின்னு போட்டா மகளிர் இலவசப் பயணம் அதில் இல்லைன்னு ஆயிடும். மெட்ரோ திறக்கிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், பறக்கும் ரயிலும் மாம்பலம் மின்சார ரயிலும் இன்னிக்கே ஓடுதே.

பாதை சரியா வரையப்பட்டிருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். மந்தைவெளியில் எந்தத் தெரு ஒருவழிப் பாதை, எந்தத் தெருவில் சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளை விட வருகிற கார் அடைச்சுக்கிட்டு நிற்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு நம்ம தங்கைகள் உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட ஒரு தாள் இருக்கு. உங்க தெரு, அங்கே இருந்து ஸ்டாப்புக்கோ ஸ்டேஷனுக்கோ நடக்க எத்தனை நிமிஷம், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கிறீங்க, வீட்டில் நடக்க முடியாதவங்க எத்தனை பேர், இந்த நாலு விஷயம் மட்டும் எழுதுங்க. பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். எழுதத் தெரியாதவங்க சொன்னா அவங்களே எழுதிக்குவாங்க. இரண்டு வாரம் வீடு வீடாகவும் வருவோம், குப்பத்துப் பக்கமும் குடியிருப்பு வாரியப் பக்கமும் முதலில் வருவோம். எல்லாத்தையும் தெருவாரியாக் கூட்டி, வரைபடத்தோட, பல்லவன் சாலையில் இருக்கிற எம்.டி.சி. தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுக்கப் போகிறோம். கொடுத்த தேதியும் அவங்க சொன்ன பதிலும் இதே பக்கத்தில் வரும்.

எட்டரை ஆகப்போகுது, போலீஸ்கார அண்ணன் வாட்சைப் பார்க்கிறார். மேசை அங்கே இடது பக்கம் இருக்கு. பேனா போதாது, இருக்கிறவங்க கொஞ்சம் கொடுத்து உதவுங்க.